கூண்டில் நாற்பது நிமிடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்த பாட்டிலில் லேபிளை ஒட்டியது யார்? நானா, அக்காவா? எட்டு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதானே: பார்த்ததை எழுது, பார்த்ததாக நினைப்பதை எழுதாதே. ஜனவரி 25-ஆம் தேதி சனிக்கிழமை, செய்முறைத் தேர்வுக்காக நானும் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளரும் நாற்பது பாட்டில்களைத் தயார் செய்தோம். அவரைப் பள்ளி முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அக்கா ஊற்றினார். அச்சடித்த தாளிலிருந்து லேபிள்களை உரித்து இருவருமே ஒட்டினோம். நடுவில் எனக்கு ஒரு போன் வந்தது, வராந்தாவில் நின்று பேசிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலை, ‘நீர்த்த கந்தக அமிலம்’ என்று எழுதியிருந்த ஒரு பாட்டிலில் நீர்க்காத அடர் அமிலம் இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைச் சோதனைக் குழாயில் இருந்த கரைசலில் ஊற்றினாள். கொதித்துத் தெறித்தது. வலது புறங்கை வெந்துபோனது.

நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. அவளைத் தோளோடு சேர்த்து இழுத்துப்போய், குழாய்த் தண்ணீரில் அந்தக் கையை இருபது நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் மேலங்கியின் கையில் இப்போதும் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருக்கின்றன.

அன்று மாலை நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: ‘பாட்டில்களில் லேபிள் ஒட்டுவது ஆய்வக உதவியாளரின் பணி.’ இந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. பணி விதிகளில் ஏழாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

அக்கா தலைமையாசிரியரிடம் சொன்னது இரண்டே வார்த்தை: “நான் இல்ல.” யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்?

நேற்றிலிருந்து அவரை நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். 28-ஆம் தேதி விசாரணை. அவர் மேல் தவறு என்று முடிவானால் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் பாக்கி.

பிப்ரவரி 6, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஆண்டுவிழா நாடகத்தை அவள்தான் எழுதி இயக்குகிறாள். ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் அவளை டைரக்டர் என்கிறார்கள், அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள். இன்று ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசைமுன் நின்றாள்.

“மிஸ், எனக்கு ஒரு ஐம்பது வயசு லேடி வேணும்.”

“எனக்கு நாற்பத்தெட்டு.”

“பரவாயில்ல மிஸ், மேக்கப்ல சரி பண்ணிக்கலாம்.”

பக்கத்து மேசையில் கணக்கு ஆசிரியர் தேநீரைத் துப்பாத குறை.

கதை இது. ஒரு தபால்காரி இருபது வருடமாகச் சில கடிதங்களை மட்டும் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்திருக்கிறாள். பிடிபடுகிறாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தனக்கு வராத கடிதத்தால் என்ன ஆயிற்று என்று நீதிமன்றத்தில் சொல்கிறார்கள். கூண்டில் இருக்கும் தபால்காரி நாற்பது நிமிடமும் வாயைத் திறப்பதில்லை. பேச்சே இல்லாத வேஷம் என்பதால் பிள்ளைகள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லையாம்.

“ஏன் நான்?” என்றேன்.

“நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கும் மிஸ். கோச்சுக்காதீங்க, அது ஒரு திறமை.”

மறுக்கலாம்தான். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த மாதத்தில் என்னிடம் யாரும் காரணம் கேட்காமல் இருப்பதே எனக்கு நல்லது. சரி என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்த சிரிப்பு: “இருபத்திரண்டு வருஷமா இங்க நடிக்கிற வேஷம்தானே? உனக்கு எதுக்கு ஒத்திகை?”

பிப்ரவரி 10, திங்கள்

முதல் ஒத்திகை. அரங்கத்தில் இரண்டு பெஞ்சுகளைக் கவிழ்த்துக் கூண்டு கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு முக்காலி. ஆய்வகத்து முக்காலி, என் ஆய்வகத்திலிருந்து என்னைக் கேட்காமலே தூக்கி வந்தது.

பேசாமல் உட்காருவது சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஐந்தாம் நிமிடத்தில் என் முகம் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சாட்சி சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது.

“மிஸ்! கிளாஸ்ல பதில் சரியா சொன்னா ஆட்டுவீங்களே, அந்த மாதிரி ஆட்ட வேணாம்.”

இன்னொரு சிக்கல். ஒன்பதாம் சாட்சி, கை வெந்த அந்தப் பெண். கட்டோடுதான் வருகிறாள். அவள் வேஷத்தை மாற்றலாமே என்று டைரக்டரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். “கை இல்ல மிஸ் நடிக்கிறது, வாய்தானே” என்றாள். ஒன்பதாம் சாட்சி கூண்டுக்கு மிக அருகில் வந்து, கட்டுப்போட்ட கையைக் கட்டையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள்: “என் அப்பா எழுதின கடிதத்தை நீங்க படிச்சீங்களா? அதையாவது சொல்லுங்க.”

வசனம்தான். ஒத்திகை முடிந்ததும் அவளே வந்து, “மிஸ், நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணுமா? இடது கையால எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கு” என்றாள். வேண்டாம் என்றேன். துள்ளிக்கொண்டு போனாள். என்னை அவள் எதற்கும் காரணமாக நினைக்கவில்லை. அவளுக்கும் அக்காதான் காரணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யாரோ அல்ல. ஏழாம் பக்கம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் என்னை மறந்துவிடுவார்களாம். டைரக்டர் ஒரு கட்டு உறைகளும், தபால்தலை மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர் தாள்களும் கொண்டுவந்து மடியில் போட்டாள். “எல்லாரும் உங்களைத் திட்டிட்டே இருப்பாங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைச் செஞ்சுட்டே இருங்க மிஸ். ஒட்டறது, அடுக்கறது. நிமிரக்கூடாது.”

கைக்கு வேலை வந்ததும் முகம் அடங்கிவிட்டது. ஆனால் மனம் அடங்கவில்லை. குனிந்து ஒட்டிக்கொண்டே அந்தச் சனிக்கிழமையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறேன். முன் வரிசை நீர்த்தது, பின் வரிசை அடர்ந்தது. போன் வந்தது. திரும்பி வந்தபோது எந்த வரிசையில் இருந்தேன்? ஒரு பாட்டிலை யாராவது நகர்த்தினோமா? ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. மூன்று விதமான ஞாபகம் இருந்தால் மூன்றும் கற்பனை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

தபால்காரியின் உடுப்பைத் தைப்பது அக்கா. பள்ளியில் தைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், நூலகத்தில் சும்மாதானே இருக்கிறார் என்று டைரக்டர் கேட்டிருக்கிறாள்.

அளவு எடுக்க நூலகத்துக்குப் போனேன். இரண்டு வாரத்துக்குப் பின் முதல் முறையாக அவர் பக்கத்தில் நிற்கிறேன். வாயில் நான்கைந்து குண்டூசி. அதனால் அவரும் பேசவில்லை. தோளைத் திருப்பினார், கையைத் தூக்கச் சொல்லி முழங்கையில் தட்டினார். கடைசி ஊசியைக் குத்திய பிறகு சொன்னார்:

“மூச்சை விடுங்க டீச்சர். வயித்தை எக்கிட்டு அளவு கொடுத்தா மேடையில பட்டன் தெறிச்சு முதல் வரிசையில விழும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம்.

“கூண்டுல நிக்கப் போறவ தைக்கிறா, தைக்காதவங்க நிக்கிறாங்க” என்றார், துணியைப் பார்த்தபடி. குத்தலா, வேடிக்கையா? பதினோரு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும் இவர் பேச்சில் எது எதுவென்று எனக்குப் பிடிபட்டதில்லை.

பொத்தான் துளைக்குக் குறி போட்டுக்கொண்டே, “அந்தப் பொண்ணு கட்டு எப்பப் பிரிக்கிறாங்க?” என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். “விரல் மடங்குதா?” மடங்குகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்ல.”

“ஞாபகம் இல்லாததுக்குப் போய் எப்படிப் பொறுப்பு ஏத்துப்ப? நீ பயப்படறது உண்மையா இருக்கணும்னு என்ன அவசியம்? பார்த்ததை மட்டும் எழுதுன்னு நீயேதானே பேசுவ.”

நான் அப்படித்தான் பேசுவேன். என் வார்த்தையையே என்னிடம் திருப்பித் தந்தார். அது ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

தலைமையாசிரியர் வராந்தாவில் நிறுத்தினார். “மேடம், உங்க ரிப்போர்ட்டை நிர்வாகத்துல எல்லாரும் பாராட்டினாங்க. ஒரு வார்த்தை கூடுதலும் இல்ல, ஒரு வார்த்தை குறைவும் இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஜூன்ல துணைத் தலைமையாசிரியர் இடம் காலியாகுது. உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன்” என்றார்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரி 20, வியாழன்

இதை மெதுவாக எழுத வேண்டும். 

இன்றைய ஒத்திகையை டைரக்டர் போனில் படம் எடுத்தாள். முடிந்ததும் மேடை விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைகள் மட்டும் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டினாள்.

“மிஸ், இது சூப்பர். இதை நீங்களா யோசிச்சீங்களா?”

“எதை?”

“இதோ. ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டாம்புலயும் வலது பக்கக் கீழ் மூலையைக் கொஞ்சமா உள்ள மடிக்கிறீங்களே. ஒண்ணு விடாம. யாரோ பின்னால பிரிச்சுப் பார்க்கட்டும்னு அந்த அம்மா வழி விட்டு வைக்கிற மாதிரி இருக்கு. நான் எழுதவே இல்ல, நீங்களா கொண்டு வந்துட்டீங்க!”

பார்த்தேன். என் கைதான். உரிக்கிறது, மூலையை நகத்தால் உள்ளே மடிக்கிறது, ஒட்டுகிறது, கட்டை விரலால் இடமிருந்து வலமாகத் தேய்க்கிறது. மூலையருகே வந்ததும் தேய்க்காமல் நிற்கிறது. அடுத்தது. அடுத்தது. எனக்கு அது தெரியவே தெரியாது.

இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது ஒரே பாட்டிலில் வாரத்துக்கு நாலு லேபிள் மாற்றுவோம். உரித்து உரித்து நகம் உடையும். அதனால் மூலையில் ஒரு ‘காது’ வைத்து ஒட்டப் பழகினேன், பிறகு பிடித்து இழுக்க வசதியாக. இருபத்தைந்து வருடம் ஆகிறது. மனம் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.

“மிஸ்? என்ன ஆச்சு? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?”

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அறிக்கையோடு சேர்க்க, அந்தப் பாட்டிலை நானே என் போனில் படம் எடுத்திருந்தேன். அது இன்னும் போனில்தான் இருக்கிறது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விரல்களால் பெரிதாக்கினேன். லேபிளின் வலது பக்கக் கீழ் மூலை.

காது இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஈரத்தில் மூலை தானாகவே மடங்கியிருக்கலாம்.

காலையில் முதல் ஆளாகப் போய் ஆய்வகத்தைத் திறந்தேன். அலமாரியில் மீதி முப்பத்தொன்பது பாட்டில்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டில் காது இருக்கிறது, பதினேழில் இல்லை. காது இல்லாத பதினேழும் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக் கிடக்கின்றன, ஓரத்தில் ஒரு குமிழ் கூட இல்லாமல். இரண்டு வேறு கைகள். சந்தேகப்பட இடமே இல்லை.

ஆனாலும் சந்தேகப்பட்டேன். அக்காவும் சில சமயம் மடிப்பாரோ? என்னைப் பார்த்துப் பழகியிருக்கலாமே?

பிப்ரவரி 22, சனி

யாருக்கும் தெரியாது. இதை எழுதிப் பார்க்கிறேன், எழுத்தில் எப்படி இருக்கிறது என்று. யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டிலை ஒரு பையில் போட்டுத் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நூறு முறை பார்த்தாலும் அவர்கள் கண்ணில் படப்போவது எழுத்துதான், மூலை அல்ல. நான் வாயைத் திறக்காவிட்டால் இது இல்லவே இல்லை.

அக்கா வேலை போயிடும். அது எனக்குத் தெரியாதா? ஐம்பத்தெட்டு வயசுல எங்க போய் நிப்பாங்க? வீட்டுக்காரருக்கு முழங்கால் போய் மூணு வருஷமா வீட்லயே இருக்கார். எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் நான் அந்த வரியை எழுதினேன். விதியைத்தானே எழுதினேன், விதியைத்தானே எழுதினேன்னு எத்தனை தடவை சொல்லிப்பேன் — நான் ஒட்டலைன்னு எழுத முடியலை, அதனால விதியை எழுதினேன். அவ்வளவுதான். அன்னிக்கே எனக்குள்ள ஏதோ தெரிஞ்சிருக்கு.

இவர் இரண்டு முறை கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 24, திங்கள்

நூலகத்துக்குப் போனேன். அக்கா புத்தக முதுகுகளில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். அதே ஸ்டிக்கர் தாள். எதிர் அலமாரியில் ஏதோ தேடுவதுபோல் நின்று ஓரக்கண்ணால் பார்த்தேன். உரிக்கிறார், ஒட்டுகிறார், ஈரத் துணியால் நான்கு பக்கமும் அழுத்துகிறார். மடிப்பதில்லை. ஒட்டி முடித்த இரண்டு வரிசைப் புத்தகங்களையும் பார்த்தேன். ஒன்றில் கூட இல்லை.

“என்ன டீச்சர் தேடறீங்க?”

“ஒரு புத்தகம்.”

“எந்தப் புத்தகம்?”

“பேர் ஞாபகம் இல்ல.”

“இங்க வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க” என்றார். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்தாக வேண்டியிருந்தது. எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேனீ வளர்ப்பு.

பிப்ரவரி 26, புதன்

கடைசி ஒத்திகை. டைரக்டர்: “மிஸ், உங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கும் இதே மாதிரி இருங்க.”

பிப்ரவரி 27, வியாழன்

நாடகம் நான்கு மணிக்கு. அரங்கம் நிறைந்திருந்தது. நிர்வாகத்தினர், பெற்றோர், முதல் வரிசையில் தலைமையாசிரியர். மூன்றாவது வரிசை ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையில் ஊசியும் நூலும் குத்தியபடி, எதுவும் கிழிந்தால் ஓடி வரத் தயாராக.

பட்டன் தெறிக்கவில்லை.

குனிந்து ஒட்டினேன். இன்று மடிக்கக் கூடாது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். நான்கு உறைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்தாவதில் கை தானாகவே மடித்தது. அதன் பிறகு அதைத் தடுக்கவில்லை.

ஒவ்வொரு சாட்சியாக வந்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள், ஆறாம் சாட்சி வசனத்தை மறந்து ஏழாம் சாட்சியுடையதைச் சொன்னதைத் தவிர. ஏழாம் சாட்சி வந்து, “அவர் சொன்னதையே நானும் சொல்கிறேன் கனம் நீதிபதி அவர்களே” என்று சமாளித்தான். அரங்கமே சிரித்தது. என்னால்தான் சிரிக்க முடியாது.

பிறகு ஒன்பதாம் சாட்சி. போன வாரம் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கையைக் கூண்டின் கட்டையில் வைத்தாள். புறங்கை முழுக்க இளஞ்சிவப்பாக, புதுத் தோல். இவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. “என் அப்பா எழுதின கடிதத்தை நீங்க படிச்சீங்களா? அதையாவது சொல்லுங்க.”

நான் நிமிர்ந்துவிட்டேன். நிமிரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள் டைரக்டர். நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன், கையில் ஒட்டாத ஸ்டாம்பு. வாய் திறந்ததா? தெரியவில்லை.  எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. அந்தப் பெண் பயந்து, அடுத்த வசனத்தைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டாள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு டைரக்டர் ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். “மிஸ், ஒரு செகண்ட் நீங்க பேசிடுவீங்கன்னு நெனச்சுட்டேன். எனக்கு உசுரே போயிடுச்சு!”

அக்கா உடுப்பை வாங்கி மடித்து வைத்தார். 

நாளை பத்து மணி. பேசுவேனா என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியாது. பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அக்கா அழுவார், நான் மன்னிப்புக் கேட்பேன், திங்கட்கிழமை இருவரும் ஆய்வகத்தில் பழையபடி இருப்போம். இப்படி எனக்கு வசதியாகத்தான் கற்பனை வருகிறது. அதனால் நம்ப முடியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்தது.

தலைமையாசிரியர் அறையில் ஐந்து பேர்: அவர், நிர்வாகத்திலிருந்து இருவர், அந்தப் பெண்ணின் அப்பா, நான். அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். என் அறிக்கையை வாசித்தார்கள். கேட்க நன்றாகவே இருந்தது.

“இதுல ஏதாவது சேர்க்கணுமா மேடம்?” இல்லை என்று சொல்வதற்காகவே கேட்கப்படும் கேள்வி.

“அந்த லேபிளை ஒட்டினது நான்” என்றேன்.

பாட்டிலை எடுக்கச் சொன்னேன். ஆய்வக அலமாரியிலிருந்து நான் எடுத்து வந்த பாட்டில்களையும் மேசையில் வைத்தேன். மூலைகளைக் காட்டினேன். ஒரு லேபிள் தாளை வாங்கி அவர்கள் முன்னாலேயே மூன்று லேபிள் ஒட்டிக் காட்டினேன். மூன்றிலும் கை மடித்தது. அறிக்கையில் எழுதிய வரி விதிப்படி சரி, நடந்தபடி தவறு என்றேன். குரல் நடுங்கவில்லை. வகுப்பு எடுப்பதுபோல் இருந்தது, அதுவே அசிங்கமாக இருந்தது.

நிர்வாகத்துக்காரர் ஒருவர், “இவ்வளவு சின்ன விஷயத்தை வெச்சு...” என்று இழுத்தார். தலைமையாசிரியர், “உங்க பேரை அனுப்பியாச்சே மேடம், இப்ப நான் என்னன்னு எழுதறது?” என்றார். அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் என்னைப் பார்த்தார். “அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த அம்மாவைத்தான் நான் எல்லார் முன்னாடியும் வாய்க்கு வந்தபடி கேட்டேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

நின்றேன். இதை நான் இந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் விஷயத்தைச் சொல்லி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“நீ ஒட்டினியான்னு கேட்டீங்க, நான் இல்லன்னு சொன்னேன். அதை எழுதிக்கவே இல்லையே சார் நீங்க. அதுக்கு மேல நான் சொன்னா மட்டும் எழுதிக்கப் போறீங்களா?”

 அந்த அப்பா எழுந்து நின்று கை கூப்பினார். அக்கா, “உட்காருங்க சார், பொண்ணு நல்லா நடிச்சா” என்றார்.

வெளியே வராந்தாவில் அவரைப் பிடித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: “அக்கா, எப்படித் தெரியும்?”

“பதினோரு வருஷமா அந்தக் காதைப் பிடிச்சு இழுத்து உரிக்கிறது யாரு டீச்சர்? உங்களுதுன்னா ஒரே இழுப்புல வரும். என்னுதுன்னா ஊற வெச்சுச் சுரண்டணும். உங்க லேபிளைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“கேப்பீங்கன்னு பார்த்தேன். அன்னிக்கு லைப்ரரிக்கு வந்து என் கையையே பார்த்துட்டு நின்னீங்களே, அப்பக் கேப்பீங்கன்னு நெனச்சேன். புத்தகம் வேணும்னீங்க.”

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், பிறகென்ன என்றேன்.

“லைப்ரரியிலயே இருந்துக்கறேன்னு இப்பத்தான் எழுதிக் கொடுத்தேன் டீச்சர். பதினாலு மாசம். புத்தகம் நல்லாத்தான் இருக்கு. தேனீ வளர்ப்பை மட்டும் மறக்காம திருப்பிக் கொடுத்துடுங்க, தேதி தாண்டப் போகுது.”

எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓர் உத்தரவு வந்திருக்கிறது. ஜூன் பற்றி யாரும் பேசவில்லை. நாற்பது பாட்டில்களையும் காலி செய்து, கழுவி, புதிதாக லேபிள் ஒட்ட வேண்டும் என்பது இன்னோர் உத்தரவு. உதவிக்கு ஆள் இல்லை, நானே ஆரம்பித்தேன்.

என் லேபிள்கள் இருபத்துமூன்றும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. இந்தப் பள்ளிக்கு வந்த இத்தனை வருடத்தில் அவற்றை நான் உரித்துப் பார்ப்பது இதுதான் முதல் முறை. அக்கா ஒட்டிய பதினேழும் அசையவில்லை. கட்டை விரல் நகம் உடைந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஊற வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.